எஞ்சினை மாற்றுவது பாவமா?

பழைய இங்கிலீஷ் கார்களின்மீது பற்றுக்கொண்ட சென்னைவாசிகளிடையே, அவர்கள் மயிலாப்பூரில் இருந்தாலும் சரி, அடையாற்றிலோ தியாகராய நகரிலோ இருந்தாலும் சரி, ஒரு சித்தாந்தம் ஏறத்தாழ வேதவாக்கியத்தின் அந்தஸ்தோடு வழங்கிவருகிறது. எந்த எஞ்சினோடு ஒரு வண்டி தொழிற்சாலையின் வாயிலைக் கடந்ததோ, அந்த எஞ்சினோடுதான் அது கடைசிவரை இருக்க வேண்டும் என்பதும், ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எண்ணும் பிளாக்கில் கொத்திய எண்ணும் ஒத்துப்போவதே அதன் குலப்பெருமை என்பதும், ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பானெட்டைத் தூக்கி அதனுள் ஜிப்ஸியின் எஞ்சினை இறக்குகிறவன் பிதிரார்ஜிதத்தைச் சிதைத்த பாவத்துக்கு ஆளாகிறான் என்பதும் அந்தச் சித்தாந்தத்தின் சாரம். கண்காட்சியில் பரிசு கொடுப்பவர்கள் இதை அனுசரிக்கிறார்கள். விற்பவர்களும் வாங்குபவர்களும் இதற்கு விலை வைக்கிறார்கள். அண்மையில் அரசாங்கமும் தன் விதிகளுக்குள் இதைச் சேர்த்துக்கொண்டது. இத்தனை பேர் ஏகமனதாக ஒப்புக்கொண்ட அபிப்பிராயத்தில் பிழை இருக்குமா என்று கேட்டால், இருக்கிறது என்றே சொல்லத் துணிகிறேன். அந்தப் பிழை சிறியதும் அன்று.

இங்கிலீஷ் கார்களின் சரித்திரத்திலிருந்தே தொடங்குவோம். மாரிஸ் மைனர் என்ற சிறு காரை அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்தபோது, சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும் ஒரு புதிய எஞ்சினை மனத்தில் வைத்தே அதன் முன்பகுதியை வகுத்தார். 1948இல் வண்டி கடைக்கு வந்தபோதோ, அந்த எஞ்சின் கைவிடப்பட்டு, யுத்தத்துக்கு முந்திய மாரிஸ் எட்டின் 918 சி.சி. சைடு வால்வு எஞ்சின் அதன் ஸ்தானத்தில் உட்கார்ந்திருந்தது. நான்காண்டு கழித்து, மாரிஸ் கம்பெனியும் அதன் ஜன்மவைரியான ஆஸ்டின் கம்பெனியும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தவுடன், ஆஸ்டின் ஏ-30க்காகச் செய்த 803 சி.சி. எஞ்சின் மைனருக்குள் புகுந்தது. அதன் பிறகு 948, அதன் பிறகு 1098. இன்றைக்கு அசல் என்று உலகமெங்கும் கொண்டாடப்படும் மைனர்களில் பெரும்பாலானவை எதிராளியின் எஞ்சினால் ஓடியவை. அந்த மாற்றத்தைச் செய்தவர் தொழிற்சாலை முதலாளி என்பதனால் அது பரிணாமம் என்றும், அதே மாற்றத்தைப் புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக் செய்தால் அது அபசாரம் என்றும் சொல்வதற்கு என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

முதலாளிகளே இந்த மெக்கானிக்குகளைப் பின்பற்றியதும் உண்டு. அமெரிக்காவில் பியூக் கம்பெனி வேண்டாமென்று ஒதுக்கிய அலுமினிய வி-8 எஞ்சினின் உரிமையை 1960களின் நடுவில் ரோவர் கம்பெனி வாங்கித் தன் பெரிய கார்களில் பொருத்தியது. அந்த ரோவர் எஞ்சினை எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் காருக்குள் இறக்கி விற்கத் தொடங்கியவர் கென் காஸ்டெல்லோ என்ற தனிமனிதர். அவருடைய வண்டி ஓடிய ஓட்டத்தைக் கண்ட பிறகே, 1973இல், எம்.ஜி. கம்பெனி தானும் அதே சேர்க்கையைச் செய்து தன் முத்திரையோடு சந்தைக்கு அனுப்பியது. இவ்விரண்டு வண்டிகளுமே இன்று ரசிகர்கள் தேடி அலையும் அரிய பொருள்கள்.

நம்மூருக்கு நெருங்கிய உதாரணம் இதைவிட ருசிகரமானது. ஸ்டாண்டர்டு வான்கார்டு என்ற காருக்கு யுத்தம் முடிந்த கையோடு கவன்ட்ரி நகரத்தில் ஓர் எஞ்சின் செய்தார்கள். அதே எஞ்சின் ஃபெர்குஸன் டிராக்டரில் உழவுக்குப் போயிற்று. சிலிண்டரின் விட்டத்தைச் சற்றே சுருக்கி, இரண்டு லிட்டருக்குள் அடங்கும்படி 1991 சி.சி.யாக்கி, டிரையம்ப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். வயல், குடும்பம், பந்தயம் ஆகிய மூன்றுக்கும் ஒரே எஞ்சின் பொதுவாக உழைத்தது. ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்து, 1985இல், வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி, இங்கிலாந்தில் உற்பத்தி நிற்கவிருந்த ரோவர் எஸ்.டி.1 காரின் உடலைக் கொண்டுவந்து, ஸ்டாண்டர்டு 2000 என்று பெயர் சூட்டி, அதற்குள் இந்தப் பழைய 1991 சி.சி. எஞ்சினை அமர்த்தியது. இங்கிலாந்தில் அந்த உடல் முதலில் வெளிவந்தது, முன்சொன்ன வி-8 எஞ்சினோடு. பார்வைக்குக் கம்பீரமாகவும், ஓட்டத்தில் மந்தமாகவும், பெட்ரோல் செலவில் தாராளமாகவும் இருந்த அந்த வண்டி சில ஆண்டுகளுக்குள் நின்றது; அதோடு வண்டலூரில் கார் உற்பத்தியும் நின்றது.

இப்போது அசல்வாதிகளின் சித்தாந்தத்தை இந்த வண்டிக்குப் பிரயோகித்துப் பாருங்கள். டிராக்டருக்குச் சகோதரனான எஞ்சினோடு மூச்சுத்திணறி நிற்கும் ஸ்டாண்டர்டு 2000 பரிசுத்தமானது. அந்த உடலைச் சிந்தித்தவர்கள் எந்த எஞ்சினுக்காகச் சிந்தித்தார்களோ, அதை வரவழைத்து ஒருவர் பொருத்துவாரானால், அவர் பாவி. ஒரு கோட்பாடு இப்படிப்பட்ட முடிவுக்குக் கொண்டுபோய் விடுகிறதென்றால், கோட்பாட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அம்பாசடரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையாகப் பிறந்து, சைடு வால்வு எஞ்சினோடு தொடங்கி, 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வுக்கு மாறி, டீசலைப் பருகி, 1990களில் ஜப்பானிய இஸுஸு எஞ்சினையும் ஏற்றுக்கொண்டு, 2014வரை உத்தர்பாராவில் உற்பத்தியான அந்த வண்டிக்கு எந்த எஞ்சின் அசல் என்று நிச்சயிக்க ஒரு கமிஷன் வைத்தாலும் முடியாது.

சென்னை ரசிகர்களின் செல்லப்பிள்ளையான ஹெரால்டுக்கு வருவோம். வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. 1959இல் இங்கிலாந்திலும், 1961இல் வண்டலூரிலும் பிறந்த இந்தக் கார், அந்தக் காலத்து நாகரிகத்துக்கு மாறாக, தனியான சேஸிஸின்மீது துண்டு துண்டான உடற்பாகங்களைப் போல்ட்டுகளால் இறுக்கிச் செய்யப்பட்டது. அதற்குக் காரணம் கலையன்று, கஷ்டம். ஸ்டாண்டர்டு-டிரையம்புக்கு உடல் செய்துகொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டதால், ஒரே கூடாக உடலை அமைக்க வழியின்றி, வெவ்வேறு இடங்களில் செய்த பகுதிகளைக் கொண்டுவந்து பூட்டும் ஏற்பாட்டை அவர்கள் கைக்கொண்டார்கள். இத்தாலியரான மிச்செலோட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். பானெட்டும் மட்கார்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து முன்னோக்கிச் சாய, எஞ்சின் முழுவதும் கைக்கு எட்டும்படி வெளிப்பட்டு நிற்கும் அந்தக் காட்சியைக் கண்டவர்கள், எஞ்சினை எடுப்பதற்கும் வைப்பதற்கும் இதைவிட வசதியான கார் இல்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள். கம்பெனியே அந்த வசதியை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. 1962இல் இதே சேஸிஸில் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து விடெஸ் என்றது. அதைக் குறுக்கி 1147 சி.சி. எஞ்சினை வைத்து ஸ்பிட்ஃபயர் என்றது. அந்த ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் பின்னாளில் 1493 சி.சி.வரை பெருத்தது.

வண்டலூர் அந்த வழியில் போகவில்லை. இங்கே எஞ்சின் 948 சி.சி.யிலேயே நின்றது, மாறியது உடல். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நம் நாட்டுக் குடும்பங்களுக்கு, பாட்டியும் பேரப்பிள்ளைகளும் பின்னிருக்கையில் ஏறி இறங்க அது போதாது என்று கண்டு, 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டை வண்டலூர்த் தொழிலாளிகள் செய்தார்கள். உலகத்தில் வேறெங்கும் அப்படியொரு ஹெரால்டு கிடையாது. ஆகவே, அபூர்வம் எது என்று கேட்டால், அந்தக் கதவுகள், அந்தக் கூரை, அந்தத் தகடுகள் என்றே சொல்ல வேண்டும். 948 சி.சி. எஞ்சினோ, இங்கிலாந்தில் இன்றும் ஏராளமாக இருக்கிறது. அதற்கு வேண்டிய பிஸ்டனையும் பேரிங்கையும் கேஸ்கெட்டையும் அங்குள்ள வியாபாரிகள் தபாலில் அனுப்பிவைக்கிறார்கள். எங்கும் கிடைப்பதைப் பூஜித்து, இங்கு மட்டுமே உள்ளதைத் துருவுக்கு இரையாக்குகிற பக்திக்கு என்ன பெயர் சொல்வது?

இந்த இடத்தில் எதிர்வாதி குறுக்கிட்டு, எஞ்சினுக்குப் பாகங்கள் அத்தனை எளிதாகக் கிடைக்குமானால் அதையே சீர்செய்து ஓட்டலாமே என்று கேட்பார். கேள்வி நியாயமானது. பிளாக் ஆரோக்கியமாக இருந்து, கையில் பணமும் மனத்தில் பொறுமையும் இருக்கிறவர் அவ்வாறே செய்யட்டும். அவரை யாரும் தடுக்கவில்லை. ஆனால், ஐம்பது அறுபது ஆண்டுகளில் போர் செய்து, மறுபோர் செய்து, ஸ்லீவ் இறக்கி, தண்ணீர்ச் சட்டையில் விரிசல் கண்டு, ஹெட்டைச் சமன்படுத்திச் சமன்படுத்தித் தேய்ந்துபோன பிளாக்குகளே இங்கே அதிகம். தவிர, அவர் பரிசுத்தம் என்று கருதும் அந்த எஞ்சினுக்குள்ளேயே எத்தனை அந்நியம் புகுந்திருக்கிறது என்பதையும் அவர் எண்ணிப்பார்க்க வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாட்டு யுகத்தில், செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸும் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ்.ஸும் செய்தவற்றையும், அவையும் கிடைக்காதபோது லேத்துப் பட்டறையில் கடைந்தெடுத்தவற்றையும் கொண்டுதான் நம் ஊர்க் கார்கள் உயிர் பிழைத்தன. இங்கிலாந்திலேயே, தேய்ந்த எஞ்சினைக் கொடுத்துவிட்டுச் சீர்செய்த வேறோர் எஞ்சினை வாங்கிப் பூட்டிக்கொள்ளும் வழக்கத்தைக் கம்பெனிகளே ஊக்குவித்தன, மாரிஸும் ஆஸ்டினும் சேர்ந்த பி.எம்.சி.யின் ‘கோல்டு ஸீல்’ எஞ்சின்கள் அத்தகையவை. எண்களின் பொருத்தத்தைப் பார்த்து மதிப்பிடும் வழக்கம் ஏலக்கூடத்தில் வளர்ந்ததேயன்றி, இந்தக் கார்களை அன்றாடம் ஓட்டியவர்களிடம் இருந்ததில்லை.

அசல்வாதம் இந்நகரத்தில் செய்யும் உண்மையான தீங்கை, லஸ் பக்கமோ அபிராமபுரத்திலோ ஒரு பழைய வீடு இடிபடும்போது பார்க்கலாம். தாத்தா வாங்கிய கார், வீட்டின் பக்கவாட்டில் ஓட்டுக் கொட்டகைக்குள் பதினைந்து இருபது ஆண்டாக நிற்கிறது. அசல் எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. அதை மாற்றக்கூடாது என்று விஷயமறிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். சீர்செய்யும் செலவைக் கேட்டு வாரிசுகள் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்கள். இதற்கிடையில் மனை பில்டரிடம் போய், பங்காளிகள் ஆளுக்கொரு ஃபிளாட் பெற்றுக்கொள்கிறார்கள். ஃபிளாட்டுக்கு ஒரு கார் நிறுத்துமிடம். அந்த ஒற்றை இடத்தில், ஆபீசுக்குப் போகும் வண்டியை நிறுத்துவார்களா, தள்ளினாலும் நகராத ஒன்றை நிறுத்துவார்களா? சதுர அடிக் கணக்கில் ஆகாயத்தையும் விற்கிற ஊரில், ஓடாத காருக்கு இடம் கிடையாது. அது புதுப்பேட்டைக்குப் போகிறது. அங்கே வெட்டுகிறவர்கள் எஞ்சின் எண் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் உப்புக்காற்று இந்த வேலையில் பாதியை முன்கூட்டியே முடித்துவைத்திருக்கும். எஞ்சினை மாற்றியாவது அந்தக் காரை அன்றாடம் ஓட்டியிருந்தால், மூன்றாம் தலைமுறைக்கு அது ஒரு வாகனமாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஓட்டுவது என்றால் எந்தத் தெருவில், எந்த எரிபொருளில் என்பதையும் பார்க்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளுக்கு, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியோடு நாடெங்கும் அந்தப் பெட்ரோல் நின்றுவிட்டது. கடினப்படுத்திய வால்வு ஸீட்டுகளைப் பொருத்தாவிட்டால் ஸீட்டுகள் மெல்ல மெல்லக் குழிந்துபோகும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர்க் குழாய்களையும் தக்கை கேஸ்கெட்டுகளையும் அது அரித்துவிடும். சித்திரை வெயிலில் பனகல் பார்க்கைச் சுற்றி நகர்ந்துகொண்டு, பாண்டி பஜாருக்குள் நுழைவதற்குள் ரேடியேட்டர் கொதித்து, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிட, பின்னால் வருகிற மாநகரப் பேருந்தின் ஹாரனைக் கேட்டுக்கொண்டே பானெட்டைத் தூக்கியவருக்குத்தான் அசலின் மகிமை முழுவதும் தெரியும்.

எதிர்த்தரப்பில் ஒப்புக்கொள்ளத்தக்க நியாயம் ஒன்றுமில்லை என்று நான் சாதிக்க வரவில்லை. தியாகராய நகர் ஆற்காடு தெருவில், எம்.ஜி.ஆர். நினைவில்லத்தில் 4777 என்ற எண்ணோடு நிற்கும் அம்பாசடரில் ஒரு ஸ்குரூவைக்கூட யாரும் மாற்றக்கூடாது. அதன் பெருமை அதில் ஏறியவரைச் சேர்ந்தது. அது ஓடவேண்டிய அவசியமும் இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரையுடைத்துக் கோட்டூர்புரத்துத் தெருக்களில் பாய்ந்த வெள்ளத்தை நினைத்துப்பார்த்தால், இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: கார்புரேட்டரும் காண்டாக்ட் பாயிண்டும் கொண்ட பழைய எஞ்சினை, தண்ணீர் வடிந்த பிறகு எண்ணெயை மாற்றி, டைனமோவை வெயிலில் காயவைத்து, பிளக்கைத் துடைத்து எழுப்பிவிடலாம், கம்ப்யூட்டர்ப் பெட்டி வைத்த எஞ்சின் அப்படிக் கருணை காட்டாது. மாற்றுகிறேன் என்று சொல்லிக் கொலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். டாக்ஸிக் காலத்தில், கையில் கிடைத்த கனமான டீசல் எஞ்சினை, சேஸிஸின் குறுக்குச் சட்டத்தை அறுத்துவிட்டு உள்ளே திணித்து, முன் ஸ்பிரிங்குகள் மண்டியிடும்படி செய்த கைங்கரியங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த வேலையை ஆதரித்து இங்கே ஒரு சொல்லும் இல்லை.

நல்ல மாற்றத்துக்கு இலக்கணம் உண்டு. ஜிப்ஸியிலும் ஆம்னியிலும் எஞ்சின் நெடுக்குவாட்டில் நின்று பின்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அதனால்தான் ஹெரால்டுக்கு அவை இசைவாகின்றன. குறுக்கே படுத்து முன்சக்கரத்தை இழுக்கும் எஞ்சின்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பயனில்லை. பழைய மவுண்டிங் துளைகளிலேயே புதிய தாங்கிகளை இறுக்க வேண்டும். சேஸிஸில் ரம்பம் படக்கூடாது. கியர்பாக்ஸ் மாறினால் ஜாயிண்ட் ஷாஃப்டின் நீளம் மாறும். 948 ஹெரால்டின் 4.875 என்ற குறுகிய பின்னச்சு விகிதத்தை அப்படியே விட்டால், வேகமாகப் போகும்போது புதிய எஞ்சின் வீணாக அலறும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஊஞ்சல்போல் ஆடும் அச்சில் தொங்குபவை. வளைவில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் சக்கரம் உள்நோக்கி மடங்கும் சுபாவம் அவற்றுக்கு உண்டு. இரண்டு மடங்கு குதிரைத்திறனை அதன் தலையில் ஏற்றிவிட்டு, பழைய டிரம் பிரேக்குகளோடு ராஜீவ் காந்தி சாலையில் விரட்டுகிறவனை எந்தச் சித்தாந்தத்தாலும் காப்பாற்ற முடியாது. இங்கிலாந்தில் அந்நாளிலேயே ஹெரால்டுக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி கிடைத்தது. எஞ்சினைப் பெரிதாக்குவதற்குமுன் அதைத்தான் தேட வேண்டும். கழற்றிய பழைய எஞ்சினை உள்ளும் புறமும் எண்ணெய் பூசி, ஒரு சட்டத்தில் ஏற்றி, வண்டியோடு சேர்ந்த சொத்தாக வைத்திருக்க வேண்டும். பழங்கார்களுக்கான சர்வதேச சம்மேளனம் 2012இல் ஏற்ற தூரின் சாசனமே, தேவைக்காகச் செய்யும் மாற்றங்கள் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியவையாக இருக்க வேண்டும் என்றும், எடுத்த பாகங்களைப் பத்திரப்படுத்த வேண்டும் என்றும்தான் சொல்கிறது. மாற்றம் என்று கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லவில்லை.

நம் மரபும் அப்படிச் சொன்னதில்லை. நெடுங்காலம் ஓடாமல் நின்றிருந்த திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்பு அச்சும் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பொருத்தியது. வடம் பிடிப்போருக்குத் துணையாகப் பின்னாலிருந்து புல்டோசரும் உந்துகிறது. அது தியாகராஜருடைய தேர் அன்று என்று எந்த ஆஸ்திகரும் இதுவரை ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை. தேரடியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தால்தான் அசல் என்று சொல்லியிருப்பார்களோ, இந்தக் கார் ரசிகர்கள்?

இவர்களுடைய கருத்து சட்டமாகவும் உருவெடுத்துவிட்டதே இப்போதைய சங்கடம். 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்து, சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாறுதல் இல்லாத வண்டிகளே விண்டேஜ் என்ற தகுதியைப் பெறும். இருபதாயிரம் ரூபாய் கட்டி அந்தத் தகுதியைப் பெற்றபின்னும், கண்காட்சிக்கும் பழங்கார் ராலிக்கும் பழுது பார்ப்பதற்கும் பெட்ரோல் போடுவதற்கும் அன்றி, அன்றாடம் அதைத் தெருவில் ஓட்டக்கூடாது. மாறுதல் செய்தவருக்கோ, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரித்தவரின் மூல அமைப்புக்கு முரணாக எதையும் மாற்றக்கூடாது என்ற அதன் கண்டிப்பை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. சட்டத்தை மீறுமாறு யாருக்கும் நான் உபதேசிக்கவில்லை. ஆனால், அதே 52ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற மாற்றுக் கருவியைக் கொண்டு வண்டியைப் பாட்டரிக்கோ காஸுக்கோ மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. அதாவது, ஹெரால்டின் எஞ்சினை அடியோடு பிடுங்கி எறிந்துவிட்டு மின்சார மோட்டாரை வைக்கலாம். அதே குடும்பத்தில் பிறந்த 1147 சி.சி. எஞ்சினை வைக்கக்கூடாது. பாட்டரிக் கருவிக்குப் பரிசோதனையும் சான்றிதழும் சாத்தியமென்றால், ஓர் எஞ்சினுக்கு ஏன் சாத்தியமில்லை? மந்தைவெளி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம்; வெல்டிங்கையும் பிரேக்கையும் புகையையும் ஸ்டீயரிங்கையும் இன்ஸ்பெக்டர் சோதிக்கட்டும், ஓட்டிப்பார்க்கட்டும், தகுதியில்லை என்றால் திருப்பி அனுப்பட்டும், தகுதி உண்டென்றால் புதிய எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிக் கையொப்பமிடட்டும்.